முதல் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வெளியான மறுவாரம் நம் வீடுகளில் தவறாமல் ஒரு பேச்சு எழும். "காலேஜில் இடம் கிடைத்தாயிற்று. இனிப் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும்." வாங்க வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒன்றுபடுவார்கள். எதை வாங்குவது, எவ்வளவு போடுவது, யார் சொல்வதை நம்புவது என்று வரும்போதுதான் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் குழப்பம் வந்துவிடும்.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மகள் பி.எஸ்ஸி. ஐ.டி. வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவருடைய மனைவி இரண்டு வருடமாகக் கட்டிவந்த சீட்டை எடுத்து, நாற்பதாயிரம் ரூபாய் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டி, "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. நாளைக்கு அட்வான்ஸ் கொடுத்திரலாம்னு இருக்கேன்" என்றார்.

அந்தக் காகிதத்தில் இருந்தது இதுதான்: ஐ7 கம்ப்யூட்டர், ஒரு டி.பி. ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, கலர் விளக்கு எரியும் கண்ணாடி கேபினட். கடைசி வரியில் கொட்டை எழுத்தில், "500 வாட் எஸ்.எம்.பி.எஸ். இலவசம்".

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால், பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய முதல் கம்ப்யூட்டரும் இப்படி ஓர் இலவசத்தோடுதான் வந்தது. ஒரு மழைக்காலத்து மாலையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. அறையில் தீய்ந்த வாடை. இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. பெண்ணின் காலேஜ் ப்ராஜெக்டும், ஊரில் என் தகப்பனார் எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்ததும் அதோடு போயின. கடைக்காரரிடம் கேட்டால் பில் எங்கே என்றார். என்னிடம் இருந்ததோ ஒரு கச்சா பில்.

அந்த அனுபவத்திலிருந்து நான் கற்றதை நண்பருக்கு அன்று சொன்னேன். அதையே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. ஒரே வரியில் சொல்வதானால்: கண்ணுக்குத் தெரிகிற பாகங்களில் சேமியுங்கள், கண்ணுக்குத் தெரியாத பாகங்களில் செலவிடுங்கள். வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்தில் சிமெண்டைக் குறைத்து வாசலுக்கு கிரானைட் போடுவாரா?

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளை தினமும் காலேஜுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் லேப்டாப்தான் வழி. வீட்டிலிருந்து படிக்க, ப்ரோக்ராம் எழுத, கணக்கு பார்க்க என்றால் டெஸ்க்டாப்பில் கொடுக்கிற பணத்துக்குக் கூடுதல் பலன் உண்டு. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். அடுத்த வருடம் கொஞ்சம் பணம் வந்தால் ஒரு பாகத்தை மட்டும் பெரிதாக்கலாம். அண்ணன் படித்து முடித்ததும் தம்பிக்கும் தங்கைக்கும் அதே மேஜையில் வேலை செய்யும்.

நூறு ரூபாயைப் பங்கு போடுவது எப்படி?

பாகங்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை விறுவிறுவென்று ஏறியது இதற்கு நல்ல உதாரணம். செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழுப்பப்படும் தரவு மையங்கள் ரேம் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டதே காரணம். ஆகையால் ரூபாய்க் கணக்காகச் சொல்லாமல், நூறு ரூபாய் பட்ஜெட் என்று வைத்துப் பங்கு சொல்கிறேன். இது என் அனுபவக் கணக்கு. ஒன்றிரண்டு ரூபாய் முன்னே பின்னே ஆகலாம்.

பிராசஸர் 20
மதர்போர்டு 15
ரேம் 16
எஸ்.எஸ்.டி. 11
எஸ்.எம்.பி.எஸ். 8
கேபினட் 5
மானிட்டர் 16
கீபோர்டும் மவுஸும் 2
யு.பி.எஸ். 7

கிராஃபிக்ஸ் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாடம் படிக்கவும் ப்ரோக்ராம் எழுதவும் வீடியோ பார்க்கவும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். பெரிய விளையாட்டுகளுக்கும், கனமான வீடியோ எடிட்டிங்குக்கும்தான் தனிக் கார்டு வேண்டும். பிறகு தேவைப்பட்டால் அன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

ஐ7 என்ற பெயரில் மயங்க வேண்டாம்

நண்பரின் காகிதத்தில் ஐ7 என்று மட்டுமே இருந்தது. போன் செய்து முழு நம்பரைக் கேட்கச் சொன்னேன். ஐ7-3770 என்று பதில் வந்தது. அது 2012-இல் வந்த சரக்கு.

இன்டெல் பிராசஸர்களில் கோடுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை. 8500 என்றால் எட்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. கடைசி மூன்று எண்களை விட்டுவிட்டு முன்னால் நிற்பதைப் படித்தால் தலைமுறை தெரிந்துவிடும். (2023 டிசம்பர் முதல் வந்த கோர் அல்ட்ரா வகைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.) ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் பெரியவர் சிறியவர் என்ற வரிசை. தலைமுறை மாறினால் அந்த வரிசைக்கு அர்த்தம் இல்லை. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அந்தப் பழைய ஐ7-க்கும் நான்கு கோர், எட்டு த்ரெட் என்று எண்ணிக்கை ஒன்றே. ஆனால் வேகத்தில் புதிய ஐ3 பழைய ஐ7-ஐ எளிதாக முந்திவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய ஐ7-ஐ வாங்கினால், வாங்கிய அன்றே அது காலம் கடந்த இயந்திரம்.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். இன்டெல்லில் ஐ3-12100 என்பதற்கும் ஐ3-12100எஃப் என்பதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று எடுத்து வந்து பூட்டினால், மானிட்டரில் ஒன்றும் தெரியாது. கடைக்குத் திரும்பப் போய் கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டிவரும். ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் ஜி என்ற எழுத்து உள்ளே கிராஃபிக்ஸ் உண்டு என்பதைக் காட்டும்.

அட்டைப் பெட்டியில் சீல் உடையாமல் வரும் பிராசஸரையே கேளுங்கள். இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் பெட்டிச் சரக்குக்கு மூன்று வருட வாரண்டி தருகின்றன. இந்த விலைக்கு வரும் பெட்டிகளில் ஃபேனும் கூடவே இருக்கும். பெட்டியில்லாமல் தட்டில் வருவதை "ட்ரே" என்பார்கள். விலை குறையும். ஆனால் ஃபேன் தனியாக வாங்க வேண்டும், வாரண்டிக்கும் கடைக்காரரின் வாய்ச்சொல்லே துணை.

மதர்போர்டும் ரேமும்

மதர்போர்டு வாங்குவதும் சம்பந்தம் பேசுவதும் ஒன்று. பொருத்தம் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஐ3-12100 எல்.ஜி.ஏ. 1700 என்ற சாக்கெட்டில் உட்காரும். அதற்கு எச்610 வகைப் போர்டு போதுமானது. ரைசன் 5600ஜி ஏ.எம்.4 சாக்கெட்டில் உட்காரும். ஒன்றை மற்றதில் வைக்கவே முடியாது.

அடுத்தது ரேம். எச்610 போர்டுகளில் டி.டி.ஆர்.4 எடுப்பதும் உண்டு, டி.டி.ஆர்.5 எடுப்பதும் உண்டு. இரண்டிலும் பள்ளம் இருக்கும் இடம் வேறு, ஆகவே மாற்றிச் செருக முடியாது. போர்டின் பெட்டியில் எது எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். ரேம் செருக இரண்டு இடமாவது இருக்கிறதா, எம்.2 என்ற எஸ்.எஸ்.டி. இடம் இருக்கிறதா, உங்கள் மானிட்டரின் கேபிள் மாட்ட இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

16 ஜி.பி. ரேம் இருந்தால் நிம்மதி. பணம் இடித்தால், 8 ஜி.பி. ஒன்றை மட்டும் இப்போது வாங்கி ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். ரேம் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டாவதை வாங்கும்போது முதலாவதன் நம்பரைக் காட்டி அதே வகையைக் கேளுங்கள். இரண்டு ஒன்றாக ஓடும்போது உள் கிராஃபிக்ஸும் வேகம் கூடும், ஏனென்றால் அது இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று நம் வீடுகளில் வரும் புகாருக்குப் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதற்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, ஒரு முள் தேடித் தேடிப் படிக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. பழைய கம்பி வழியில் இணைக்கும் சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்குச் சுமார் 550 எம்.பி. வரை படிக்கும். போர்டிலேயே செருகும் என்.வி.எம்.இ. வகையில் சாதாரணமானதே அதைப் போலப் பல மடங்கு வேகம். 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கை விட 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மேல். கல்யாண வீடியோக்களைச் சேர்த்து வைக்க வேண்டுமானால் பிறகு ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. ஆனாலும் கெடும். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும். என் தகப்பனாரின் கடிதங்களுக்கு ஒரு பிரதி இருந்திருந்தால் இன்று இந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படிப்பது எப்படி?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி. ஆக மாற்றி ஒவ்வொரு பாகத்துக்கும் படியளப்பது எஸ்.எம்.பி.எஸ். சமையற்கட்டு கெட்டால் வீடு முழுவதற்கும் வயிறு கெடுகிற மாதிரி, இது கெட்டால் எல்லாப் பாகத்துக்கும் கேடு. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வோல்டேஜ் எகிறினாலும் ஷார்ட் ஆனாலும் தானே நின்றுவிடும் ஏற்பாடு இருக்கும். மட்டமானதில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். 450 வாட் என்று சொல்வதற்கு அது நியாயமான சரக்கு. 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். வெளியில் 500 என்று எழுதியிருந்தாலும் உள்ளே சரக்கு அவ்வளவுதான். இன்றைய பிராசஸரும் போர்டும் முக்கியமாகக் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான்.

கூடவே "80 ப்ளஸ்" முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை வீணாக்காமல் கொடுக்கிறது என்பதற்கான சான்று அது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நல்ல 400 அல்லது 450 வாட் போதும். 650 வாட் வாங்கினால் கரண்ட் பில் ஏறிவிடாது, ஆனால் கைக்காசு வீண்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள்

கேபினட்டில் விளக்கு வேண்டாம். காற்று உள்ளே போக முன்பக்கம் சல்லடை போல இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணாடி முகப்பு அழகுதான், ஆனால் நம் ஊர் வெக்கைக்கு மூச்சு முட்டும். மானிட்டரில் 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள 22 அங்குலம் தாராளம். தெரிந்தவர் வீட்டில் நல்ல பழைய மானிட்டர் கிடைத்தால் சந்தோஷமாக வாங்கலாம். மானிட்டர் கெட்டாலும் மற்றப் பாகங்களை இழுத்துக்கொண்டு போகாது. தமிழில் எழுதத் தனிக் கீபோர்டு வேண்டியதில்லை. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறை விண்டோஸ் 11-லும் லினக்ஸிலும் இருக்கிறது. சாதாரணக் கீபோர்டிலேயே அடிக்கலாம்.

விண்டோஸை "சும்மா போட்டுத் தருகிறேன்" என்றால் அது திருட்டுப் பிரதி என்று அர்த்தம். கூடவே வைரஸும் சும்மா வரக்கூடும். லைசென்ஸ் வாங்கப் பணம் இல்லையா, உபுண்டு போன்ற லினக்ஸ் முறையாகவே இலவசம். ப்ரோக்ராம் படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல பள்ளிக்கூடமும் ஆகும். வாங்கும் முன் காலேஜில் எந்த மென்பொருள் வேண்டும் என்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது பாதிப் பணம்தான் என்றால், ஆபீஸ்களில் ஓடி விற்பனைக்கு வரும் பிராண்டட் கம்ப்யூட்டர்கள் உண்டு. அவற்றை இகழ வேண்டாம். ஐ5-8500 போல எட்டாம் தலைமுறையாகப் பார்த்து, ஓடுவதைக் கண்ணால் பார்த்து எடுங்கள். அவற்றில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், கெட்டால் பொதுச் சரக்குப் பொருந்தாது. அதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

நம் வீட்டு மின்சாரமும் மழையும்

மும்பையில் கரண்ட் அடிக்கடி போவதில்லை, யு.பி.எஸ். எதற்கு என்பார்கள். கரண்ட் போவதை விடப் போய்த் திரும்புகிற அந்த ஒரு கணம்தான் ஆபத்து. 600 வி.ஏ. யு.பி.எஸ். போதும். வி.ஏ. வேறு, வாட் வேறு. 600 வி.ஏ. என்பது பெரும்பாலும் 360 வாட் அளவு. எழுதியதைச் சேமித்து முறையாக அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். பாட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

யு.பி.எஸ்.ஸுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது எர்த். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? பல வீடுகளில் அடிக்கும், "கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில் இருக்கும் வடிகட்டி, மிகச் சிறிய அளவு மின்சாரத்தைத் தகர உடம்பு வழியாக எர்த்துக்கு அனுப்புகிறது. எர்த் கம்பி சரியாக இருந்தால் அது போய்விடும். எர்த் இல்லையென்றால் உங்கள் கையைத் தேடி வரும். அந்தச் சிறிய ஷாக் ஓர் எச்சரிக்கை. உள்ளே நிஜமாகவே ஒரு கோளாறு நேரும் நாளில், எர்த் இல்லாத வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. சாலிலும் சின்ன அறைகளிலும் நீட்டி நீட்டி இழுத்த ஒயரிங்கில் எர்த் கம்பி பாதியில் விட்டுப் போயிருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒரு ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று பின் ப்ளக்கில் பெரிய பின்னை வெட்டுவதோ, இரண்டு பின் அடாப்டரில் செருகுவதோ வேண்டவே வேண்டாம்.

கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். அவ்வளவு மழை வேண்டாம், தரைத்தளத்து வீட்டுக்கு வழக்கமான ஜூலை மழையே போதும். முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள். அடுப்புக்கு எதிரேயும் வேண்டாம், சாமி படத்துக்குக் கீழேயும் வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் தூசியோடு சேர்ந்து ஃபேனில் அடையாக அப்பிக்கொள்ளும்.

லாமிங்டன் ரோட்டில்

சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ, மும்பைக்கு லாமிங்டன் ரோடு அப்படி. முறையான பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடக்க வேண்டும். தாராவிக்காரர்கள் மாஹிமிலும், மாட்டுங்காக்காரர்கள் மாட்டுங்கா ரோடிலும் ஸ்லோ வண்டி பிடித்தால் நேராகப் போகலாம். செம்பூரிலிருந்து குர்லாவிலும் தாதரிலும் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனோம். நண்பர், மகள், நான். மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை எழுதி வாங்கினோம். "ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?" என்று ஒவ்வொரு கடையிலும் முதலிலேயே கேட்டோம். 18 சதவீதம் சின்னத் தொகை இல்லை. வரி இல்லாமல் நாற்பதாயிரம் என்று பேசி முடித்தால், பக்கா பில் கேட்கும்போது நாற்பத்தேழாயிரத்து இருநூறு ஆகிவிடும். அந்த ஏழாயிரத்து இருநூறைப் பார்த்துத்தான் பலர் கச்சா பில்லுக்குச் சம்மதிக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

நாங்கள் எடுத்தது: ஐ3-12100, எச்610 போர்டு, 8 ஜி.பி. ரேம் ஒன்று, 500 ஜி.பி. என்.வி.எம்.இ., 80 ப்ளஸ் முத்திரையுள்ள 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., விளக்கில்லாத கறுப்புக் கேபினட், 22 அங்குல மானிட்டர், யு.பி.எஸ். பக்கா பில்லோடு நாற்பதாயிரத்துக்குள் அடங்கியது. ரேம் விலை ஏறியிருந்ததால் இரண்டாவது ரேமைத் தீபாவளிக்குத் தள்ளிவைத்தோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கை வைக்க வேண்டாம் என்று சொன்னது நண்பரின் மகள்தான். லேபிளைப் பார்த்துப் பன்னிரண்டால் பெருக்கிக் கடைக்காரரிடம் சொன்னதும் அவள்தான்.

கடையிலேயே பூட்டித் தருவார்கள். ஆனாலும் பிள்ளையைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஒன்றிரண்டு பாகத்தை அவர்கள் கையாலேயே பூட்டச் சொல்லுங்கள். பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்வது இந்த நகரத்துக்குப் புதிதும் இல்லை. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் பொதுப்பயன் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டரான டிஃப்ராக், இதே பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960-இல் முடிந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். அதன் நினைவகம் 2048 சொற்கள், ஒவ்வொன்றும் 40 பிட். இன்றைய கணக்கில் 10 கே.பி. நாங்கள் பையில் போட்டுக்கொண்டு வந்த ஒற்றை 8 ஜி.பி. ரேம் அதைப் போல எட்டு லட்சம் மடங்குக்கும் மேல். மதிய வண்டியில் இதைச் சொன்னபோது அந்தப் பெண் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைக்குக் கொண்டுபோக ஒரு சின்னப் பட்டியல்

1. பிராசஸரின் முழு நம்பர், கடைசி எழுத்து உட்பட.
2. போர்டு எந்த ரேம் எடுக்கும், எத்தனை இடம்.
3. எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 12 வோல்ட் ஆம்பியர், பெருக்கல் 12.
4. விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா?
5. பக்கா பில், சீரியல் நம்பர்களோடு.
6. வீட்டில் எர்த் பார்த்தாயிற்றா?
7. திரும்பும்போது மாலைக் கூட்டத்துக்கு முன் வண்டி ஏறுங்கள். மானிட்டர் பெட்டியை லக்கேஜ் பெட்டியில் ஏற்றலாம்.

தீபாவளிக்கு இரண்டாவது ரேமை வாங்கி அந்தப் பெண் தானே செருகிவிட்டாள். போன் செய்து, "மாமா, 16 காட்டுது" என்றாள். பின்னால் அவள் அம்மாவின் குரல் கேட்டது. ஒயர்மேன் வந்து எர்த் சரிசெய்த பிறகு கிரைண்டரும் ஷாக் அடிப்பதில்லையாம்.